மறுவிற்பனைக்கு அல்ல

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடையில், பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டுக் கோயமுத்தூர்ப் பிள்ளைகள் தெருவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்த நாள்களில்தான், ரம்லா முதன்முதலாக அழகிரிசாமியைப் பார்த்தாள். அந்த வெயிலில் சாம்பல் நிறச் சஃபாரி உடையும் கையில் தோல்பெட்டியுமாக ஒருவர் உக்கடத்துச் சந்துக்குள் வந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். எடைக்கல் சோதிக்கும் அதிகாரி என்று நினைத்து எதிர்க்கடைப் பழக்காரர் தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ரம்லாவின் கடை ஒரே அறைதான். அதில் பாதி அவளுடைய கணவர் ஷேக் பரீதுக்கு உரியது. அவர் வானொலிப் பெட்டிகளையும் டேப் ரிக்கார்டர்களையும் பழுது பார்ப்பார். மறுபாதியில் ரம்லா வீடியோ கேம் கேசட் மாற்றித் தந்தாள். கேசட் என்று ஊர் சொன்னது உள்ளங்கையளவு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டி. அதை விளையாட்டுக் கருவியில் செருகினால் தொலைக்காட்சியில் பொம்மைகள் ஓடும், குதிக்கும், சுடும். ஆடிச் சலித்த கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்து, மேற்கொண்டு சிறிது காசு வைத்தால், வேறொருவர் ஆடிச் சலித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். வானொலி கேட்பவர்கள் குறையக் குறையக் குடும்பத்தின் பாரம் கணவரின் பாதியிலிருந்து மனைவியின் பாதிக்கு மெல்ல நகர்ந்திருந்தது. மகள் ஷைமாவின் படிப்பும் அந்தக் கடையின் வாடகையும் மஞ்சள் பெட்டிகளின்மேல்தான் நின்றன.

அழகிரிசாமி வந்தபோது ரம்லா ஒரு கேசட்டின் முதுகில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்ததை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, கடைக்காரர் இல்லீங்களா?"

"நான்தானுங்க கடைக்காரி. சொல்லுங்ணா."

அவர் ஒரு முகவரி அட்டையை நீட்டினார். கேசட்டுகளை வெளியிடும் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கொங்கு மண்டல ஏஜென்ட் என்று அதில் அச்சிட்டிருந்தது. அட்டையைக் கொடுத்தவுடன் திரும்ப வாங்கிக்கொண்டார்; அவரிடம் அது ஒன்றுதான் இருந்தது போலும்.

"இது எங்க கம்பெனிச் சரக்குங்க" என்று அவள் கையிலிருந்ததைச் சுட்டினார்.

"ஆமாங்ணா. பீளமேட்டுக் காலேஜ் பையன் ஒருத்தன் ஆடி முடிச்சுபோட்டுக் குடுத்தான்."

"குடுத்தான், சரிங்க. நீங்க இதை இன்னொருத்தருக்கு வித்துபோட்டா, அந்த இன்னொருத்தர் எங்ககிட்ட வாங்கறது போச்சுதில்லீங்க? நீங்க ஒரு பழசு வித்தா, கம்பெனிக்கு ஒரு புதுசு நட்டம்."

கம்பெனிக்கு நட்டம் என்று சொல்லும்போது அவர் முகத்தில், சொந்த வீட்டில் இழவு விழுந்தாற்போன்ற துயரம் படர்ந்தது. ரம்லா அதைக் கண்டு வியந்தாள். அந்தக் கம்பெனியின் முதலாளி யார் என்பதுகூட அவருக்குத் தெரியாது என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டாள்.

"எங்கிட்ட வாங்கறவனுக்கு உங்ககிட்ட வாங்கற வசதி இருந்தா, இந்தச் சாக்கடையத் தாண்டி எதுக்குங்ணா இங்க வாரான்?"

"அதெல்லாம் கம்பெனிக் கணக்குங்க. உங்களுக்குப் புரியாது."

அதுவரை தலை நிமிராமல் ஒரு வானொலிக்குள் கம்பியை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்த ஷேக் பரீத், நிமிராமலேயே கேட்டார்: "ஏனுங்க, சந்து மொனையில நிக்கற ஸ்கூட்டர் உங்களுதுங்களா? புதுசுங்களா?"

"செகண்ட் ஹேண்டுங்க. ஆனா நல்ல கண்டிசன்."

"அப்ப ஸ்கூட்டர் கம்பெனிக்கு ஒண்ணு நட்டம்."

"ஸ்கூட்டர் வேறங்க! இது மூளையில உண்டாக்குன பொருளுங்க."

"ஓ! அப்ப ஸ்கூட்டர மூளையில்லாதவன் செஞ்சுபோட்டானாட்ட இருக்குது."

பழக்காரர் எதிர்க்கடையிலிருந்து சிரித்தார். அழகிரிசாமி தோல்பெட்டியை எடுத்துக்கொண்டு, படியிறங்குமுன் ரம்லாவின் கையிலிருந்த உப்புத்தாளைப் பார்த்தார். "எத்தனை தேய்ச்சாலும் பழசு பழசுதானுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் ரம்லாவின் நெஞ்சில் நெடுநாள் முள்ளாகக் கிடந்தது.

அழகிரிசாமியின் வரலாறு சிறியது. அவர் சொல்லும்போதுதான் அது பெரிதாகும். கோபிசெட்டிபாளையத்தில் அவருடைய தந்தைக்குப் பாத்திரக்கடை இருந்தது. மூத்த மகனிடம் கடை போனது; இளையவரிடம் வாய் இருந்தது. அந்த வாயை மூலதனமாகக் கொண்டு அவர் கோயமுத்தூருக்கு வந்து, பிரஷர் குக்கர், தண்ணீர் வடிகட்டி, பத்துப் பாக அறிவுக் களஞ்சியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏஜென்சி எடுத்தார். குக்கர் விற்றபோது மண்சட்டியில் சமைப்பவர்களை நாட்டின் பகைவர்கள் என்றார். வடிகட்டி விற்றபோது சிறுவாணித் தண்ணீரையே சந்தேகித்தார். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் அதை மட்டும் மன்னிக்கவில்லை. எந்தக் கம்பெனி சம்பளம் தந்ததோ அந்தக் கம்பெனியின் நட்டம் அவருக்குத் தலைவலியாக இறங்கும். சம்பளம் நின்றவுடன் தலைவலியும் நின்றுவிடும்.

புதிய பொருளை மட்டுமே வாங்குவதுதான் ஒழுக்கம் என்று ஊருக்கு உரைத்த அந்த மனிதரின் வீட்டில் புதியதாக இருந்தது நாள்காட்டி ஒன்றுதான். பீரோ, மூடிய மில் ஒன்றின் ஏலத்தில் எடுத்தது. மகன் ரூபன் பொறியியல் படிக்கப் பயன்படுத்திய புத்தகங்கள் எல்லாம் மேல்வகுப்பு மாணவர்களிடம் பாதி விலைக்கு வாங்கியவை. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் மாற்றுபவள் தெருவில் வந்தால், அவருடைய மனைவி வெங்கடம்மாள் முதல் ஆளாக வாசலில் நிற்பார். ஒரு கிழிந்த சட்டையைக் காட்டி, "இதென்னுங்க, இன்னும் ஒரு வருசம் வரும்" என்று வாதாடி ஒரு கரண்டி கூடுதலாக வாங்குவார். அந்தக் கரண்டியால் பரிமாறிய சோற்றை உண்டுவிட்டுத்தான் அழகிரிசாமி பழைய பொருள் வணிகத்தை ஒழிக்கப் புறப்படுவார்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அவருடைய தந்தை புதுப் பாத்திரத்தை விற்றதே பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டதால்தான். பழைய அண்டாவைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுத்துப் புது அண்டா வாங்கிப்போன குடும்பங்களின் புண்ணியத்தில்தான் அவர் பத்தாம் வகுப்புவரை படித்தார். பாத்திரக்கடையிலிருந்து அவர் எடுத்துவந்த அறிவு அதுவாக இருந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகியிருக்கும். அவர் எடுத்துவந்ததோ பெயர் வெட்டும் பொறியை.

மறு ஆண்டு ஆவணியில் அந்தத் திட்டம் பிறந்தது. பாத்திரத்தில் வாங்கியவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவது நம் பக்கத்து வழக்கம். அதேபோலக் கேசட்டிலும் வாங்கும்போதே பிள்ளையின் பெயரை வெட்டிக் கொடுத்துவிட்டால், அதை வேறு எந்தப் பிள்ளை வாங்கும்? ரம்லாவைப் போன்றவர்கள் எதை மாற்றித் தருவார்கள்? பம்பாய்க்கு எழுதினார், பம்பாய் பாராட்டியது. பெரிய கடை வீதியில் அவர் நடத்திவந்த விற்பனைக் கடைக்கு, அண்ணன் கடைப் பொறியும் பெயர் வெட்டும் மாரப்பனும் கோபியிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

தொடக்க விழாவுக்கு அவரே நேரில் வந்து ரம்லாவை அழைத்தார். பகைவனையும் அழைக்கும் பண்பு என்று பிறர் நினைக்கக்கூடும். தோற்பவர்கள் பார்க்காவிட்டால் அவருக்கு வெற்றி இனிக்காது என்பதே காரணம்.

"கண்டிப்பா வாங்க அம்மணி. இனி உங்களுக்குச் சிரமமே இல்லீங்க. கடைய எடுத்துபோட்டு ஊட்டுல நிம்மதியா உக்காந்துக்கலாம்."

"நாங்க கடையில நிம்மதியாத்தானுங்ணா உக்காந்திருக்கறோம்" என்றாள் ரம்லா. ஆனால் அவர் போனபின் கண்ணாடிப் பெட்டியிலிருந்த கேசட்டுகளை எண்ணிப் பார்த்தாள். வேறொரு பிள்ளையின் பெயர் வெட்டிய கேசட்டை எந்தப் பிள்ளையும் எச்சில் தட்டைப்போல ஒதுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பேனாக் கிறுக்கலை உப்புத்தாள் தின்னும். வெட்டிய எழுத்தைத் தின்பது எளிதன்று. ஊருக்குள் வரும் புதுக் கேசட்டெல்லாம் பெயரோடு வந்தால், ஓராண்டில் அவளுடைய கண்ணாடிப் பெட்டியில் மாற்றித் தருவதற்கு ஒன்றும் இராது. "மூடிபோடலாமுங்களா?" என்று கணவரைக் கேட்டாள். "மொதல்ல போயிப் பாத்துட்டு வா. லட்டு குடுப்பாங்க" என்றார் ஷேக் பரீத்.

லட்டு கொடுத்தார்கள். வாழைமரம் கட்டியிருந்தார்கள். அழகிரிசாமி, நட்டம் என்ற சொல்லைப் பலமுறை உச்சரித்து ஓர் உரை நிகழ்த்தினார். பழைய கேசட் ஒவ்வொன்றும் கம்பெனியின் பையிலிருந்து திருடிய ஒரு புதிய கேசட் என்றார். ரம்லா நின்ற திசையைப் பார்த்தே அதைச் சொன்னார்.

முதல் வாடிக்கையாளராகத் தொண்டாமுத்தூர்த் தென்னந்தோப்புக்காரியான சின்னாத்தாளும் அவளுடைய மகள் கயல்விழியும் வந்தார்கள். சின்னாத்தாள் ரம்லாவைக் கண்டதும் உரக்கச் சிரித்தாள். "அட ரம்லாக்கா, நீங்களுமா! நல்லதாப் போச்சு, எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்க." கயல்விழி கார்ப்பந்தயக் கேசட் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டாள். அழகிரிசாமி அதை இரு கைகளாலும் வாங்கி, பூசைப்பொருளைப்போல மாரப்பனின் முன் வைத்தார். பொறி உறுமத் தொடங்கியது.

"பாப்பா பேரு என்னங்க?" என்றார் அழகிரிசாமி.

"கயல்விழிங்க. இருங்க, இருங்க! என்ன பண்றீங்க?"

"பேரு வெட்டறோமுங்க."

"அய்யோ, பேரு வெட்டாத குடுங்க!"

"இலவசமுங்க அம்மணி!"

"இலவசமுன்னா மூக்கையும் அறுத்துக்கறதுங்களா? எங்க கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்துல பேரு வெட்டாததெல்லாம் அடுத்தவங்க கல்யாணத்துக்குப் போயிருச்சு. வெட்டுனது மட்டும் இன்னும் எங்க அட்டாலியிலதான் கெடக்குது. நீங்க பாத்திரக்கடைக்காரருன்னு சொன்னாங்க, இது தெரியாதுங்களா?"

கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். எல்லாருடைய வீட்டிலும் அப்படி ஓர் அட்டாலிப் பரண் இருந்தது.

"மாத்தக் கூடாதுன்னுதானுங்க வெட்டறோம்" என்று அழகிரிசாமி உண்மையைச் சொல்லிவிட்டார். உண்மை சொல்ல அவர் தேர்ந்தெடுத்த நேரம் அப்படி.

சின்னாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏனுங்க, புள்ளைக்கு ஒரு மாசத்துல சலிச்சுபோகும். சலிச்சா ரம்லாக்காகிட்டக் குடுத்து வேறொண்ணு எடுத்துக்குவோம். அந்தத் தெம்புலதானுங்க இத்தன வெல குடுத்துப் புதுசு வாங்க வந்தது! பேர வெட்டிபோட்டா, யானை முறிச்சுபோட்ட தென்னையாட்ட அது அங்கயே கெடக்க வேண்டியதுதான். வெட்டாம குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"கம்பெனி உத்தரவுங்க."

"அப்பக் கம்பெனியே வெச்சு ஆடிக்கட்டும். வா கண்ணு."

கயல்விழி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பொறி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, மெஷின் சுடுது. யாரு பேரையாவது சொல்லுங்க" என்றான் மாரப்பன்.

அறிவுள்ள எவரும் அன்று மாலையே அந்தப் பொறியைப் பேருந்தில் ஏற்றிக் கோபிக்கு அனுப்பியிருப்பார். பழையதை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் புதியதை வாங்கவைக்கிறது என்பதை ஒரு தென்னந்தோப்புக்காரி அவருடைய கடையிலேயே, அவருடைய லட்டைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டாள். அழகிரிசாமி அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. மாற்றும் எண்ணத்தோடுதான் மக்கள் வாங்கவே வருகிறார்கள், ஆகவே மக்கள் அனைவரும் திருடர்கள் என்று அவர் முடிவு கட்டினார். அவரிடம் சரக்கெடுத்த மற்றக் கடைக்காரர்கள், பெயர் வெட்ட அவரிடம் அனுப்பாமல் கமுக்கமாக விற்கிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் அவருடைய கோபம் தலைக்கேறியது. கடைகளுக்குக் கொடுத்திருந்த சரக்கையெல்லாம் திரும்ப எடுத்துவந்து, தம்மிடம் இருந்த சரக்கோடு சேர்த்து, ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் மாரப்பனைக்கொண்டு ஒரே வாசகத்தை வெட்டச் செய்தார்: மறுவிற்பனைக்கு அல்ல. மாரப்பன் வெட்டினான், வாரக்கூலிக்காரனுக்கு வாசகத்தின் பொருளைப் பற்றி என்ன கவலை? தீபாவளிக்கு முன் வேலை முடிந்தது.

அந்தத் தீபாவளிக்கு ஊரெல்லாம் துணி விற்றது, பட்டாசு விற்றது, பலகாரம் விற்றது. அந்தக் கேசட் மட்டும் விற்கவில்லை. கையில் எடுத்த தந்தையர் முதுகைத் திருப்பிப் படித்துவிட்டு, மாரியம்மன் கோயில் பூக்குண்டத்து நெருப்பில் கை வைத்தவரைப்போல உடனே கீழே வைத்தார்கள்.

ரம்லாவும் அதில் மகிழ்ந்துவிட முடியவில்லை. புதியவை வராததால் அவளுடைய கண்ணாடிப் பெட்டி மெலிந்தது. "அக்கா, இதெல்லாம் ஆடியாச்சு, வேற இல்லீங்களா?" என்று பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவருடைய புதுசும் தன்னுடைய பழசும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்பதை அவள் அப்போதுதான் முழுவதும் உணர்ந்தாள். துபாயிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு பை நிறையக் கேசட் கொண்டுவந்து கொடுத்திராவிட்டால், ஷைமாவுக்கு அந்த ஆண்டு பள்ளி நின்றிருக்கும். ஒரு மனிதனின் மடமை தன்னோடு நின்றால் பார்த்துச் சிரிக்கலாம்; அண்டை வீட்டு உலையையும் அது அணைக்கப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை.

பம்பாய்க் கம்பெனி கணக்குப் பார்த்தது. விற்பனை வீழ்ந்ததற்குக் காரணம் பழைய பொருள் வணிகமே என்று, உக்கடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத யாரோ ஒருவர் எழுதினார். அந்த வணிகத்தைத் தடுக்கத் தவறியவர் என்று அழகிரிசாமியிடமிருந்து ஏஜென்சியைக் கம்பெனி பறித்தது. விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு அவர் கேட்டபோது, மேலே எழுத்து வெட்டப்பட்டிருப்பதால் அவை பயன்படுத்தப்பட்ட பொருள்கள் என்றும், பயன்படுத்தப்பட்ட பொருள்களைக் கம்பெனி ஏற்பதில்லை என்றும் பதில் வந்தது. யாருடைய நட்டத்துக்காக அவர் ஊரையெல்லாம் பகைத்துக்கொண்டாரோ, அவர்களுடைய அகராதியில் அவரும் பழைய பொருள் ஆனார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுத் தைமாதத்தில், பொங்கல் கழிந்த ஒரு முற்பகலில், அதே ஸ்கூட்டர் சந்து முனையில் வந்து நின்றது. இம்முறை சஃபாரி உடை இல்லை, வேட்டியும் சட்டையும்தான். தோல்பெட்டிக்குப் பதிலாக ஒரு சாக்குப்பை. எதிர்க்கடைப் பழக்காரர் இம்முறை தராசை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

"வாங்ணா, உக்காருங்க" என்று ரம்லா முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

அவர் சாக்கின் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள் நிறம் பளபளத்தது.

"இதையெல்லாம் எடுத்துக்குவீங்களா அம்மணி?"

ஷேக் பரீத் எட்டிப் பார்த்தார். "பழசுங்களா, புதுசுங்களா?"

"புதுசுங்க. ஒருத்தர்கூட ஆடலீங்க." சற்றுத் தயங்கிச் சொன்னார்: "கம்பெனி பழசுங்குது."

"கம்பெனி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் ஷேக் பரீத். ரம்லா கணவரை ஒரு பார்வை பார்த்தாள்; அவர் பற்றவைப்பானை எடுத்துக்கொண்டார்.

அவள் ஒரு கேசட்டை எடுத்தாள். கயல்விழி விரும்பிய அதே கார்ப்பந்தயம். அவளுடைய கடைக்கு அப்போது மிகவும் வேண்டியிருந்தது அதுதான். அந்தச் சாக்கு முழுவதும் அவளுக்கு வேண்டியிருந்தது. முதுகைத் திருப்பினாள். மாரப்பனின் எழுத்து அழகாகவே இருந்தது.

"எனக்கும் வேணுமுங்ணா. ஆனா எப்படி எடுத்துக்கறதுங்க? விக்கக் கூடாதுன்னு நீங்களே வெட்டி வெச்சிருக்கறீங்க. நான் இதை வித்தா, வாங்கற புள்ள படிச்சுபோட்டு, ரம்லாக்கா திருட்டுச் சாமான் விக்கறாங்கன்னு ஊட்டுல போயிச் சொல்லாதுங்களா?"

அழகிரிசாமி அவள் கையிலிருந்த கேசட்டை வாங்கி, 'அல்ல' என்ற சொல்லைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது மட்டும் போனால்கூடப் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. எழுத்து அசையவில்லை, நகம்தான் வெளுத்தது. சந்தில் யாரோ வர, ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லிக் குரல் கேட்டது. அவர் எழவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல், அவள் காலையில் தேய்த்துவிட்டு வைத்திருந்த தாளின்மேல் அவர் பார்வை போய் நின்றது. பிறகு, அவள் முகத்தைப் பாராமல் கையை மட்டும் நீட்டினார்.

"அம்மணி, அந்த உப்புத்தாளக் கொஞ்சம் குடுங்க."